தரவரிசை எண்ணும் கல்லூரி இடமும்



பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியானதும் கொங்கு நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான். "இந்த மார்க்குக்குப் பி.எஸ்.ஜி. கிடைக்குமா? சி.ஐ.டி. கிடைக்குமா? தடாகம் ரோடு அரசினர் கல்லூரியாவது கிடைக்குமா?" மாமா ஒரு விடை சொல்வார், பக்கத்து வீட்டார் வேறொன்று சொல்வார். ஆனால் இது ஊகத்துக்கு விடவேண்டிய செய்தி அன்று. இதனுள் எளிய கணக்கு ஒன்று உள்ளது. அது தெரியாமல், கைக்கு எட்டிய இடத்தைத் தாமே நழுவ விடும் மாணவர் உண்டு. ஆகவே அதைச் சற்று ஆராய்வோம்.

கட்-ஆஃப் என்பது என்ன?

தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கு 1984 முதல் நுழைவுத் தேர்வு நடந்து வந்தது. 2006-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் 2007-08 கல்வியாண்டு முதல் அது நீங்கியது. இப்பொழுது பிளஸ் டூ மதிப்பெண்களைக் கொண்டே தரவரிசை அமைகிறது. (திருச்சி என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களுக்கு ஜே.இ.இ. என்னும் தனித் தேர்வு உண்டு.)

கணித மதிப்பெண் 100-க்கு அப்படியே எடுத்துக் கொள்ளப்படும். இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டு 50, 50 ஆகும். மொத்தம் 200. கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 88 என்றால், 92 + 42 + 44 = 178. கணிதத்தில் ஒரு மதிப்பெண், இயற்பியலில் இரண்டுக்குச் சமம் என்பதைக் கவனியுங்கள். இருவர் ஒரே கட்-ஆஃப் பெற்றால், கணிதத்தில் கூடுதலாகப் பெற்றவர் முன்னே நிற்பார். அதுவும் சமமானால் இயற்பியல் பார்க்கப்படும். எல்லாம் சமமானால் பிறந்த தேதியும், கடைசியாகச் சமவாய்ப்பு எண்ணும் முடிவு செய்யும்.

மதிப்பெண் வேறு, வரிசை வேறு

பள்ளியில் உயரப்படி வரிசையில் நிற்கிறோம். மிக உயரமானவர் சிலர். மிகக் குட்டையானவரும் சிலர். நடுத்தர உயரத்தில்தான் கூட்டம். நடுவில் நிற்பவர் அரை அங்குலம் வளர்ந்தால் பத்துப் பேரைத் தாண்டி விடுவார். முன்வரிசைக்காரர் அதே அரை அங்குலத்துக்கு ஒருவரைத்தான் தாண்டுவார். கட்-ஆஃபும் அப்படியே. மாணவர் நெருக்கமாக உள்ள பகுதியில் அரை மதிப்பெண் பலநூறு இடங்களை மாற்றக் கூடும்.

எல்லோரும் இரண்டு அங்குலம் வளர்ந்தால் என்ன ஆகும்? வரிசை மாறாது. வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் நடப்பது இதுவே. "போன வருடம் 185-க்குக் கிடைத்தது" என்று மதிப்பெண்ணை ஒப்பிடுவது இதனால்தான் ஏமாற்றும். தரவரிசை எண்ணை ஒப்பிடுவதே முறை.

பேருந்தில் இடம்

உக்கடத்தில் பொள்ளாச்சிப் பேருந்துக்கு வரிசையில் நிற்கிறீர்கள் என்று கொள்வோம். இருக்கைகள் 50; நீங்கள் 20-ஆவது ஆள். இருக்கை நிச்சயம். சன்னலோர இருக்கை கிடைக்குமா? அது முன்னால் உள்ள 19 பேரின் விருப்பத்தைப் பொறுத்தது. அதுபோல, குறிப்பிட்ட கல்லூரியில் குறிப்பிட்ட பிரிவு கிடைப்பது உங்கள் எண்ணை மட்டும் பொறுத்ததன்று; முன்னால் இருப்பவர் எதை விரும்புகிறார் என்பதையும் பொறுத்தது.

சென்ற ஆண்டின் 'கடைசி எண்' என்பது அந்தப் பிரிவில் இறுதியாகச் சேர்ந்தவரின் தரவரிசை. அது தகுதிக் கோடு அன்று. இடங்கள் கூடினாலும், ஒரு பிரிவின் மேல் நாட்டம் மாறினாலும், முன்னால் உள்ளவர் மருத்துவத்துக்கோ ஐ.ஐ.டி.க்கோ சென்றாலும் அது நகரும். எனவே மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். கடைசி எண்கள் 4,200, 5,100, 4,600 என்று வைத்துக் கொள்வோம். உங்கள் எண் 3,500 என்றால் நல்ல வாய்ப்பு. 4,700 என்றால் ஐயம். 7,000 என்றால் அரிது.

இன்னொன்று. மொத்த இடங்களில் 31 விழுக்காடு பொதுப்போட்டி. 69 விழுக்காடு இட ஒதுக்கீடு. உங்களுக்குப் பொதுத் தரவரிசையோடு வகுப்புவாரித் தரவரிசையும் உண்டு. பொதுப்போட்டியில் எல்லா வகுப்பினருக்கும் உரிமை உண்டு. ஆகவே உங்கள் வகுப்புக்குரிய கடைசி எண்ணையும் பாருங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு இடங்கள் தனியே உள்ளன.

விருப்பப் பட்டியலை எழுதும் முறை

முதல் எண்ணுக்குரியவரின் பட்டியலைக் கணிப்பொறி மேலிருந்து கீழாகப் பார்க்கிறது. காலியாக உள்ள முதல் இடத்தைக் கொடுக்கிறது. பிறகு இரண்டாமவர், மூன்றாமவர். க, ச பிரிவுகளில் ஓர் இடம், ட பிரிவில் இரண்டு இடம் என்க. முதலாமவர் பட்டியல் க, ச, ட, அவருக்குக் க. இரண்டாமவர் பட்டியல் க, ட, ச. க நிரம்பியதால் அவருக்கு ட. மூன்றாமவர் உண்மையில் விரும்புவது ச. அப்படியே எழுதினால் அது கிடைக்கும். "முன்னால் இருவர் இருக்கிறார்களே, ச எங்கே கிடைக்கப் போகிறது?" என்று அஞ்சி ட-வை முதலில் எழுதினால் ட-தான் கிடைக்கும். காலியாக இருந்த ச-வைப் பின்னால் வருபவர் பெறுவார்.

அரிய இடத்தை மேலே எழுதுவதால் கீழே உள்ளதை இழக்க மாட்டோம். மேலே உள்ளது இல்லையென்றால், அடுத்தது அதே வரிசை எண்ணுடன் பார்க்கப்படும். ஆகையால் உண்மையான விருப்ப வரிசையில் எழுதுங்கள். கடைசியில் உறுதியாகக் கிடைக்கக்கூடிய சிலவற்றையும் சேருங்கள். வேண்டவே வேண்டாம் என்பதை எழுதாதீர்கள். ஒதுக்கீடு வந்த பின் உறுதி செய்யும் காலக்கெடுவைத் தவற விடாதீர்கள்.

பயிற்சி

ஒரு மாணவி: கணிதம் 88, இயற்பியல் 90, வேதியியல் 76. இன்னொருவர்: கணிதம் 94, இயற்பியல் 80, வேதியியல் 74. தரவரிசையில் முந்துபவர் யார்?

விடை: இருவர் கட்-ஆஃபும் 171. மூன்று பாடக் கூட்டுத்தொகை 254, 248. இருப்பினும் கணிதத்தில் 94 பெற்றவரே முந்துவார். ஏன் என்பதை உங்கள் தம்பி தங்கையருக்கு விளக்கிச் சொல்லுங்கள்.