ஹோமில் சேர்த்தால்தான் படிப்பா?

கேள்வி:

எங்கள் தெருவில் ஒரு பெண். கணவர் போன வருஷம் பைக்கில் போகும்போது வேன் மோதி இறந்துவிட்டார். பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறார். காலை ஏழு மணிக்கு வண்டி ஏறினால் வீடு திரும்ப ஆறரை ஆகும். மகள் ஆறாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு, இருவரும் அரசுப் பள்ளி. வீட்டில் கண் சரியாகத் தெரியாத மாமியார் இருக்கிறார். சென்னைப் பக்கம் ஹோம் நடத்துவதாகச் சொல்லிக்கொண்டு தெரிந்தவர் மூலமாக ஒருவர் வந்தார். இரண்டு பிள்ளைகளையும் அனுப்பினால் பன்னிரண்டாம் வகுப்பு வரை இங்கிலீஷ் மீடியத்தில் இலவசமாகப் படிக்க வைப்பார்களாம். அசல் பிறப்புச் சான்றிதழும், இருபது ரூபாய்ப் பத்திரத்தில் கையெழுத்தும் கேட்கிறார். "அனுப்பட்டுமா அக்கா?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்கிறார். என்ன சொல்வது?

இன்னொன்று. என் மகளின் பிறந்தநாளுக்கு வருஷா வருஷம் பக்கத்து ஊர் ஹோமில் சாப்பாடு போடுகிறோம். அதைவிட உபயோகமாக ஏதாவது செய்ய முடியுமா?

– ஒரு வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்:

கையெழுத்துப் போட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். சான்றிதழ்களைக் கொடுத்திருந்தால் உடனே திரும்ப வாங்கச் சொல்லுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

தாயிடமிருந்து பிள்ளையை ஒரு ஹோம்காரர் நேரடியாக வாங்கிக்கொண்டு போக முடியாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, ஆதரவு தேவைப்படும் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். தலைவர் ஒருவர், உறுப்பினர் நால்வர் கொண்ட குழு அது. அவர்கள் விசாரித்து உத்தரவு போட்டால்தான் இல்லத்தில் தங்க வைக்கலாம். இல்லமும் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். இருபது ரூபாய்ப் பத்திரத்துக்கு இதில் எந்த இடமும் கிடையாது. பின் எதற்குக் கேட்கிறார்கள்? நாளைக்கு அந்தத் தாய் வாசலில் வந்து நின்று பிள்ளையைக் கேட்டால், "நீதானே எழுதிக் கொடுத்தாய்" என்று சொல்லி அனுப்பத்தான்.

இந்தக் கட்டுப்பாடுகளுக்கு நம் மாநிலமே ஒரு காரணம். மாமல்லபுரத்தில் இல்லத்துப் பிள்ளைகள் சீரழிக்கப்படுவதாக வந்த ஒரு பத்திரிகைச் செய்தியை வைத்து 2007-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. தமிழ்நாட்டின் பெயர் அந்த வழக்கின் தலைப்பிலேயே இருக்கிறது. 2017 மே 5 அன்று தீர்ப்பு வந்தது. நாட்டிலுள்ள எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்தாக வேண்டும் என்றது நீதிமன்றம்.

சரி, பதிவு பெற்ற நல்ல இல்லம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் என் பதில் 'இப்போது வேண்டாம்' என்பதுதான்.

குழந்தைகள் நலக் குழுவில் இருந்தபோது நான் அதிகம் கேட்ட வார்த்தை, "படிக்கட்டும்னுதான் சார்". சொல்லும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை நிற்கும். கட்டைப் பையில் இரண்டு செட் புதுத் துணி, ஒரு பிஸ்கட் பாக்கெட், பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு. டூர் போகிறோம் என்று சொல்லிக் கூட்டி வந்திருப்பார்கள். விசாரித்துக்கொண்டே போனால், அந்தப் பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பது தெரியவரும். படிப்பில் ஒரு குறையும் இருக்காது. சாயங்காலம் பள்ளி விட்டதிலிருந்து அம்மா வரும்வரை பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, மாதக் கடைசியில் அரிசி இல்லை, குழுக் கடன் தவணை நிற்கிறது – குறை அங்கே இருக்கும். இரண்டு மணி நேரமும் சில ஆயிரம் ரூபாயும் பற்றாததற்காக ஒரு பிள்ளையை வீட்டிலிருந்தே எடுத்துவிடுகிறோம். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். வெளியில் இருப்பவர்கள்தான் எல்லோரையும் 'அநாதைப் பிள்ளைகள்' என்கிறார்கள்.

இல்லம் என்பது கடைசி வழி என்று சட்டமே தன் அடிப்படைக் கொள்கைகளில் சொல்கிறது. ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000-களின் தொடக்கத்தில் ஓர் ஆய்வு நடந்தது. காப்பகங்களில் இருந்த 136 கைக்குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி காப்பகத்தில் தங்கியவர்களைவிட மேலாக இருந்தது. இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். உங்கள் தெருப் பிள்ளைகள் கைக்குழந்தைகள் இல்லை. அந்த ஊர்க் காப்பகங்களின் நிலையும் வேறு. அதனால் அந்தக் கணக்கை அப்படியே இங்கே போட மாட்டேன். ஏழு வயதுப் பையனுக்கு அம்மாவின் பக்கத்தில் படுத்துத் தூங்குவது என்ன என்பதற்கு ஆய்வும் தேவையில்லை. இரண்டு பேரும் ஒன்றாக இருப்பார்கள் என்று அந்த மனிதர் சொல்லியிருக்கலாம். பையன்களுக்கும் பெண்களுக்கும் பொதுவாகத் தனித்தனி இல்லம். அக்கா ஓர் ஊரிலும் தம்பி ஓர் ஊரிலும் இருக்க நேரலாம்.

இனி பணம். நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒன்று உண்டு. 'ஸ்பான்சர்ஷிப்' என்றால் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை குடும்பத்திலேயே இருந்து படிக்க, ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். கணவனை இழந்தவர்களின் பிள்ளைகள் அதில் வருவார்கள். குடும்ப வருமானம் கிராமப்புறத்தில் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. விண்ணப்பிக்கிற எல்லோருக்கும் கிடைத்துவிடாது. கிடைத்தாலும் மாதம் பிறந்ததும் வந்துவிடும் என்று நம்பி யாரும் கடன் வாங்கக் கூடாது. தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் தருகிறார்கள். அது பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவராலும் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும் உரியது. வேலைக்குப் போகும் தாய் இருப்பதால் இவர்களுக்குப் பொருந்தாது. அதற்கு அலைய வேண்டாம்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று: அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிக்கும் பிள்ளையின் சம்பாதிக்கும் பெற்றோர் விபத்தில் இறந்தால், பிள்ளை பெயரில் 75,000 ரூபாய் வைப்புத்தொகை போடும் திட்டம் பள்ளிக் கல்வித் துறையில் இருக்கிறது. தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அவர் சொல்லும்வரை காத்திருக்காமல் நாமே போய்க் கேட்பது நல்லது.

அதைவிடப் பெரியது விபத்து இழப்பீடு. மோதிய வேனுக்கு இன்சூரன்ஸ் இருந்ததா? தீர்ப்பாயத்தில் மனு போட்டார்களா? போட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். கருமாதிச் செலவுக்கே கடன் வாங்கிய வீட்டில் வக்கீலை யார் தேடுவார்கள்? மாவட்ட நீதிமன்றம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு நீங்களே அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு நாள் கூலி போகும். அதை உங்கள் தெரு கொடுக்கலாம்.

மாலை இரண்டு மணி நேரத்தை எந்தத் திட்டமும் தராது. அதுவும் உங்கள் தெரு தர வேண்டியதுதான். இரண்டு மூன்று வீடுகள் முறை வைத்துக்கொண்டால் போதும்: பிள்ளைகள் வந்து ஒரு டீ குடித்து, வீட்டுப்பாடத்தை முடிக்க ஒரு திண்ணை.

இவ்வளவு செய்தும் முடியவில்லை, ஆலையில் ஓவர்டைம், மாமியாரும் படுத்துவிட்டார் என்றால், அப்போதும் ஹோமுக்கு முன்னால் அரசு விடுதி இருக்கிறது. ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளை 2025-இல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள். பெண் அங்கே தங்கிப் படித்தாலும் அம்மாவின் பிள்ளையாகவே இருப்பாள், லீவு விட்டால் வீட்டுக்கு வருவாள். சில விடுதிகளின் கழிப்பறையைப் பார்த்தால் நமக்கே மனசு வராது. நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

இல்லங்களே கூடாது என்கிறவன் நான் இல்லை. குடிகார அப்பாவிடமோ அத்துமீறும் உறவுக்காரனிடமோ மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு, யாருமே இல்லாத பிள்ளைக்கு, பதினைந்து வயதில் கல்யாணம் பேசப்படும் பெண்ணுக்கு இல்லம்தான் பாதுகாப்பு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அவ்வை இல்லமும், 1949-இல் மஞ்சுபாஷிணி தொடங்கிய பால மந்திரும் சென்னையில் அப்படி எத்தனையோ பேரைக் கரையேற்றியிருக்கின்றன. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் அன்னை சத்யா அரசு இல்லத்தில் வளர்ந்த பெண்கள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டார்கள். அப்போது ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன் பல ஆண்டுகள் கழித்தும் அந்தக் கல்யாணங்களுக்குப் போய் நின்றார். பதினெட்டு வயதுக்குப் பிறகும் நமக்கு ஒருவர் இருக்கிறார் என்ற அந்தத் தைரியம் பெரும்பாலான இல்லத்துப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அங்கிருந்துதான் பதில் சொல்ல வேண்டும். பிறந்தநாள் சாப்பாட்டை நிறுத்தச் சொல்ல மாட்டேன். கேக் வெட்டும் விருந்தாளி வரும்வரை பிள்ளைகளைப் பசியோடு வரிசையில் உட்கார வைப்பதையும், முன்பின் தெரியாத ஒரு குழந்தைக்கு அவர்களைக் கைதட்டிப் பாட வைப்பதையும் நிறுத்துங்கள். வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸுக்குப் படம் எடுக்காதீர்கள். இந்தப் பிள்ளைகளின் அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடை செய்கிறது. போகும்போது பதிவுச் சான்று எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். வார்டன் தன் இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினால் விஷயம் புரிந்துவிடும்.

உண்மையில் அங்கே ஆள் தேவைப்படுவது காகித வேலைக்கு. ஊர் மாறி வந்த பிள்ளையின் டி.சி. பழைய பள்ளியில் கிடக்கும், பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் மாணவர் எண் எந்தப் பள்ளியிலும் சேராமல் காமன் பூலில் மிதக்கும், ஆதாரில் அப்பா பெயர் ஒரு மாதிரியும் சாதிச் சான்றில் வேறு மாதிரியும் இருக்கும். பிளஸ் டூ முடித்து கவுன்சலிங் போகும் நாளில்தான் இதெல்லாம் வெளியே வரும். அதற்குள் பதினெட்டு நிறைந்து இல்லத்தை விட்டு வெளியேறும் நாளும் வந்துவிடும். 21 வயது வரை பின்தொடர் பராமரிப்பு உண்டு என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கண்காணிப்பாளரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு, பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கிறவர்களின் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, திருத்தம் வேண்டியதற்கு இ-சேவை மையத்துக்கு அலைய உங்களால் முடியுமா? ரிசல்ட் வந்த பிறகு போனால் தாலுகா ஆபீஸில் கூட்டம் தாங்காது. அரையாண்டு லீவிலேயே தொடங்கிவிடுங்கள்.