இன்பத்தின் கணக்கும் எரிபொருளின் கணக்கும்

இன்பத்தையும் அதற்குக் கொடுக்கும் விலையையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க முடியுமா என்பது தத்துவத்தில் மிகப் பழைய கேள்வி. வெறும் ஏட்டுக் கேள்வியாக அதை வைத்துக்கொண்டால் விவாதம் முடிவின்றி நீளும். கண்ணுக்குத் தெரிந்த ஒரு பொருளை முன்வைத்துக் கேட்டால் தெளிவு பிறக்கக் கூடும். ஸ்போர்ட்ஸ் கார் அதற்குப் பொருத்தமானது. ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குச் செல்ல அது தேவையில்லை. சாதாரணக் கார் போதும். ஓட்டும் இன்பத்திற்காகவே அதை விரும்பி வாங்குகின்றனர். அந்த இன்பத்தின் விலையோ பெட்ரோல் பங்க்கில் ஒவ்வொரு முறையும் எண்களாகக் கண்முன் ஓடுகிறது. இன்பமும் விலையும் இவ்வளவு வெளிப்படையாக எதிரெதிரே நிற்கும் இடங்கள் வாழ்வில் அதிகமில்லை.

ஜப்பானின் ஹிரோஷிமாவில் தலைமையிடம் கொண்ட மாஸ்டா நிறுவனத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று. ஜெர்மானியரான ஃபீலிக்ஸ் வாங்கெல் வகுத்த சுழல் எஞ்சினை அந்நிறுவனம் 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் என்னும் காரில் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்த எஞ்சினில் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுவதில்லை. முக்கோண வடிவிலான ஓர் உறுப்பு உறைக்குள் சுழல்கிறது. அதனால் எஞ்சின் சிறியது, எடை குறைந்தது, அதிர்வு மிகக் குறைவானது. ஓட்டியவர்கள் அதன் இயக்கத்தில் உள்ளம் பறிகொடுத்தனர். ஆனால் பெட்ரோல் எரியும் அறை நீண்டு தட்டையாக இருப்பதால் வெப்பத்தின் ஒரு பகுதி சுவர்களின் வழியே வீணாகிறது. எரிபொருளும் முழுமையாக எரிவதில்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. அமெரிக்காவில் மாஸ்டாவின் விற்பனை சரிந்தது. வங்கியின் துணையால்தான் நிறுவனம் பிழைத்தது.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1973-க்கு முன்னும் பின்னும் எஞ்சின் ஒன்றே. அது தந்த இன்பமும் ஒன்றே. மாறியது விலை மட்டுமே. அதே வகை எஞ்சினோடு 1978-இல் ஆர்எக்ஸ்-7 என்னும் ஸ்போர்ட்ஸ் கார் வெளிவந்தபோது மக்கள் அதையும் விரும்பி வாங்கினர். விலை உயர்வு ஓர் இன்பத்தை எட்டாத தூரத்தில் வைக்கலாம். அதை இன்பமல்லாததாக ஆக்குவதில்லை. இரண்டுக்கும் பொது அளவுகோல் இல்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

ஆயினும் அத்தகைய அளவுகோலைத் தேடியவர் உண்டு. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தம் 1789-இல் வெளியான தமது நூலில் இன்பத்தை அளக்க ஏழு அம்சங்களைக் கூறினார்: தீவிரம், நீடிப்பு, நிச்சயம், அண்மை, மேலும் இன்பங்களைப் பிறப்பிக்கும் வளம், துன்பம் கலவாத தூய்மை, எத்தனை பேரைத் தொடுகிறது என்னும் பரப்பு. ஸ்போர்ட்ஸ் காரைப் பொறுத்தவரை முதல் ஐந்தில் பெரிய சிக்கல் ஏதுமில்லை. தூய்மைதான் தொல்லை தருகிறது. ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் எரிபொருள் முள்ளை ஓரக்கண்ணால் பார்ப்பவரின் இன்பத்தில் துன்பம் முன்பே கலந்துவிட்டது. அவர் பெட்ரோலையும் செலவழித்தார், இன்பத்தையும் பெறவில்லை. கஞ்சத்தனத்தைவிடவும் ஊதாரித்தனத்தைவிடவும் நஷ்டமான நிலை இது.

ஆகவே கணக்கைக் காரை வாங்குவதற்கு முன் ஒருமுறை தெளிவாகப் போட்டுவிடுவதே விவேகம். அமெரிக்க அரசின் மதிப்பீட்டின்படி, 2012 வரை தயாரிக்கப்பட்ட ஆர்எக்ஸ்-8 என்னும் சுழல் எஞ்சின் கார் லிட்டருக்கு ஏறத்தாழ 7.6 கிலோமீட்டர் ஓடும். அதே நிறுவனத்தின் எம்எக்ஸ்-5, 2019 மாடலில், ஏறத்தாழ 12.3 கிலோமீட்டர் ஓடும். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் முன்னதற்குச் சுமார் 1,300 லிட்டரும் பின்னதற்குச் சுமார் 810 லிட்டரும் ஆகும். வேறுபாடு மாதத்திற்கு 40 லிட்டர் அளவே. கார் புதியதாயின், முதல் ஆண்டில் அதன் மதிப்புக் குறைவதே பெரும்பாலும் அவ்வாண்டின் பெட்ரோல் செலவை விஞ்சிவிடும். ஆனால் அந்த இழப்பு எந்த மீட்டரிலும் ஓடுவதில்லை. எனவே மனம் அதற்காக வருந்துவதுமில்லை. கண்ணில் படும் சிறிய செலவுக்குப் புலம்பி, கண்ணில் படாத பெரிய செலவை மறப்பது மனத்தின் பழைய வழக்கம்.

செலவு இருக்கட்டும், இன்பம் எங்கே பிறக்கிறது என்பதுதான் அதைவிட முக்கியமான விசாரணை. இன்பம் தனியே நிற்கும் பொருளன்று, செயலோடு இணைந்து வந்து அச்செயலை நிறைவாக்குவது என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. இதை ஏற்றால் காரை உடைமையாகக் கொண்டிருக்கும் இன்பம் வேறு, ஓட்டும் இன்பம் வேறு என்பது விளங்கும். முன்னது பழகப் பழக மங்கும். பின்னது கைத்திறன் வளர வளர வளரும். 1989-இல் வெளிவந்த முதல் எம்எக்ஸ்-5 காரில் 1.6 லிட்டர் எஞ்சின்தான் இருந்தது. காரின் எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. குதிரையும் அதில் ஏறியவனும் ஓருடலாவது என்னும் பொருள் தரும் 'ஜின்பா இத்தாய்' என்ற ஜப்பானியச் சொற்றொடரையே அதை வடிவமைத்தவர்கள் தங்கள் நோக்கமாகக் கொண்டனர். வளைந்து செல்லும் மலைப்பாதையில் மிதமான வேகத்திலும் கண்ணுக்கும் கைக்கும் காலுக்கும் இடைவிடாத வேலை உண்டு. நேரான நெடுஞ்சாலையிலோ காலை அழுத்தி வைத்திருப்பதைத் தவிரச் செய்வதற்குப் பெரிதாக எதுவுமில்லை. ஆனால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயர்கிறது: மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது 140 ஆகும்போது அந்த எதிர்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. செயல் குறைந்த இடத்தில் எரிபொருள் மிகுதியாகச் செலவாகிறது என்பது விந்தையே. (நெரிசலில் சிக்கி நிற்கும் ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. அங்கே செயலும் இல்லை, இன்பமும் இல்லை. பெட்ரோல் மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.)

பெந்தம் கூறிய ஏழாவது அம்சமான பரப்பு இன்னும் எஞ்சி நிற்கிறது. அவர் காலத்தில் பெட்ரோல் கார் இல்லை. ஆனால் அளவுகோல் இதற்கும் பொருந்துகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. மேலே கண்ட இரண்டு கார்களின் வேறுபாடு மட்டுமே ஆண்டுக்கு 1,100 கிலோவைத் தாண்டும். பங்க்கில் கொடுக்கும் பணம் உரிமையாளரின் பங்கு மட்டுமே. அந்தக் காரில் ஒருநாளும் ஏறாதவர்கள், இன்னும் பிறவாதவர்கள் ஆகியோர் சுமக்கும் பங்கு எந்த ரசீதிலும் அச்சாவதில்லை. என் பணம், என் இன்பம் என்னும் வாதம் இந்த இடத்தில் வலுவிழக்கிறது.

இதை உணர்ந்த உரிமையாளர் காரை விற்றே ஆக வேண்டும் என்பதில்லை. டோக்கியோ போன்ற நகரில் நாள்தோறும் ரயிலில் வேலைக்குச் சென்று, விடுமுறை நாட்களில் மட்டும் ஆர்எக்ஸ்-8 காரை மலைப்பாதைக்கு எடுத்துச் செல்லும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் ஓட்டினால் அவருக்குச் செலவாவது சுமார் 395 லிட்டர். சிக்கனமான எம்எக்ஸ்-5 காரை அன்றாடம் நெரிசலில் ஓட்டி 10,000 கிலோமீட்டர் சேர்ப்பவர் எரிப்பதில் இது பாதிகூட இல்லை.