இடுப்பில் வைத்த ஆணி அசைந்துவிடுமா?

விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய மூத்தோர் பலரும் கேட்கும் கேள்வி இது. நடந்தால் உள்ளே வைத்தது கழன்றுவிடுமோ என்று பயந்து சிலர் கட்டிலைவிட்டு இறங்குவதே இல்லை. ஆனால் படுத்தே இருந்தால் தசை மெலியும், நெஞ்சில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும். அதனால்தான் பெரும்பாலோரை மறுநாளே எழுப்பி நடக்க வைக்கிறார்கள்.

முறிவு மூட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தால், தொடை எலும்புக்குள் உலோகத் தண்டையோ பக்கவாட்டில் தகட்டையோ பொருத்தி, பெரிய திருகாணி ஒன்றை எலும்பின் தலைப்பகுதிவரை செலுத்துவார்கள். எலும்பு கூடும்வரை தாங்குவதுதான் அதன் வேலை. கூடுவதற்கு மூன்று, நான்கு மாதங்கள் ஆகலாம். பிறகு உங்கள் எடையைச் சுமப்பது உங்கள் எலும்புதான். உலோகத்தைப் பொதுவாக எடுக்கத் தேவையில்லை.

சுவர் பொலபொலவென்று இருந்தால் அதில் அடித்த ஆணி நிற்குமா? எலும்பின் அடர்த்தி குறைந்தவர்களுக்கும் அப்படித்தான். திருகாணியின் பிடி தளர வாய்ப்பு கூடுகிறது. ஆகவே எலும்பை வலுப்படுத்தும் மருந்து உங்களுக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இதைப் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். புகைபிடித்தால் எலும்பு கூடுவது தாமதமாகும்.

திருகாணி சற்றே சறுக்கும்படி செய்யப்பட்டிருப்பதும் உண்டு. முறிந்த பகுதிகள் நெருங்கி அழுந்திக் கூடுவதற்கே அந்த ஏற்பாடு. இதனால் கால் கொஞ்சம் குட்டையானதுபோல் தோன்றினால், அடுத்த பரிசோதனையில் சொல்லுங்கள்.

முழு எடையையும் ஊன்றலாம் என்று இயன்மருத்துவர் சொல்லியிருந்தால், வாக்கரைப் பிடித்துக்கொண்டு பயப்படாமல் ஊன்றுங்கள். கொஞ்சம்தான் ஊன்ற வேண்டும் என்றால், வலி இல்லையே என்று நீங்களாகக் கூட்டிக்கொள்ளாதீர்கள். மறுபடி விழாமல் இருப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். 65 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர் வசிக்கும் வீவக வீடுகளில், ஈஸ் திட்டத்தின்கீழ் மானியத்துடன் கழிவறையில் கைப்பிடிக் கம்பிகள் பொருத்தலாம்.

சிலருக்கு ஆணி வைக்காமல், மூட்டின் பந்துப் பகுதியையே மாற்றியிருப்பார்கள். அது குழியிலிருந்து நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் அனுமதிக்கும்வரை தரையில் சப்பணமிடுவது, தாழ்வான முக்காலியில் உட்காருவது, கால்மேல் கால் போடுவது எதுவும் வேண்டாம். பூசைக்கும் நாற்காலியிலேயே அமரலாம்.

குறைந்துவந்த வலி மீண்டும் கூடினாலோ, தொடை இடுக்கில் புதிதாக வலித்தாலோ, கால் திடீரெனக் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பினாலோ, உள்ளே வைத்தது இடம் மாறியிருக்கலாம். எண்ணெய் தேய்த்து உருவிப் பார்க்காதீர்கள். வலி மாத்திரையைக் கூட்டிக்கொண்டு சமாளிக்கவும் வேண்டாம். அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திராமல், அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையை அன்றே அழையுங்கள். நேற்றுவரை நடந்த காலை இன்று ஊன்றவே முடியவில்லை என்றால், 995 எண்ணை அழைத்து ஆம்புலன்ஸ் வரவழையுங்கள்.