எல்லாரும் எப்படியோ, நீயும் அப்படியேவா?

பொம்மனஹள்ளி

அன்புள்ள பாப்பாவுக்கு,

உங்கம்மா போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்பிட்டும் நீ யோசிக்கிறாய் என்பதில் தப்பில்லை, யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் "எல்லாரும் எப்படியோ, நானும் அப்படியே இருந்துட்டுப் போறேன்" என்றாயாமே, அதுதான் மனதைக் குடைகிறது. லீவுக்கு இங்கே வந்து பெரியம்மாவின் தையல் மிஷினில் உட்கார்ந்த நாளிலிருந்து உன் கையின் வேகம் எனக்குத் தெரியும். பக்கத்து மிஷின்காரி முறைக்கிறாள் என்பதற்காக அந்தக் கையை நீயே கட்டிப்போட்டிருக்கிறாய்.

அந்தப் பெண்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒருத்தி வேகமாகத் தைத்தால் எல்லாருக்கும் டார்கெட் ஏறும் என்று பயப்படுகிறார்கள். நியாயமான பயம். கையில் ஸ்டாப்வாட்சோடு லைனில் நின்றவன் சொல்கிறேன், நேரம் குறிக்கிற ஆள் வந்தால் அத்தனை கைகளும் ஒன்றாக மெதுவாகும். யாரும் பேசி வைத்துக்கொள்வதில்லை. திருப்பூரிலும் பெங்களூரிலும் மட்டும் இப்படி என்று நினைக்காதே. 1931-32-இல் சிகாகோ பக்கம் ஹாதார்ன் தொழிற்சாலையில் 14 ஆண்களைத் தனி அறையில் வைத்து வேலையைக் கவனித்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களே ஓர் அளவு வைத்திருந்தார்கள். அதற்கு மேல் செய்தவனுக்குத் தோளில் ஒரு குத்து விழும். உனக்கு முறைப்பு, அவனுக்குக் குத்து.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து, 1913-இல் கணக்கை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்கு விழுந்த இழுப்பு, தனியாக இழுத்ததில் பாதிதான். சேர்ந்து இழுப்பதில் கொஞ்சம் விரயம் எப்போதும் இருக்கும். மீதி, "என் இழுப்பு எங்கே தெரியப்போகிறது" என்ற எண்ணம். 1979-இல் லாட்டனே என்ற அமெரிக்கரும் அவர் கூட்டாளிகளும் மாணவர்களைக் கைதட்டவும் கத்தவும் வைத்துப் பார்த்தார்கள். கூட்டமாகக் கத்தும்போது ஒவ்வொருவரின் சத்தமும் குறைந்தது. அடுத்து வந்த சோதனையில், உன் சத்தத்தைத் தனியாக அளக்கிறோம் என்று சொன்னார்கள், அந்தக் குறைவு நின்றுவிட்டது. நான் லைனில் கண்டதும் இதுதான். நூறு பேர் நடுவில் இருந்தாலும் இது இன்னார் தைத்த பண்டில் என்று தெரிந்தால் கை தானாக நிமிரும்.

கூட்டம் என்றாலே கெட்டது என்று சொல்லவில்லை. 2016 ஏப்ரல் 18, திங்கட்கிழமை, நம் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓசூர் ரோட்டில் கார்மெண்ட்ஸ் பெண்கள் வந்து நின்றதைக் கண்ணால் பார்த்தேன். பி.எஃப். பணத்தில் முதலாளி கட்டும் பங்கை 58 வயதுவரை எடுக்கக்கூடாது என்று பிப்ரவரியில் விதி வந்திருந்தது. பாத்ரூம் போகச் சூப்பர்வைசரிடம் வாய் திறக்கத் தயங்குகிற பெண்கள். கன்னடம், தமிழ், தெலுங்கு எல்லாம் கலந்த கூட்டம். எந்தச் சங்கமும் கூப்பிடவில்லை, தலைவர் என்று ஒருவரும் இல்லை. மறுநாள் சாயங்காலத்துக்குள் மத்திய அரசு அந்த விதியைத் திரும்ப வாங்கியது. தனியாக ஒருத்தி போய்க் கேட்டிருந்தால் நடந்திருக்குமா? ஆனால் அதே மறுநாள் ஹெப்பகோடி காவல் நிலையத்தில் வண்டிகள் எரிந்தன. தீ வைத்தது யார் என்று கேட்டால் "ஜனங்க" என்பார்கள். தடியடி வாங்கிய முதுகுகள் மட்டும் யார் யாருடையவை என்று தனித்தனியாகத் தெரிந்தது.

அந்த வருஷமே செப்டம்பர் 12-இல் காவிரிக்காக இதே பெங்களூரில் பஸ்கள் எரிந்தன, 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போட்டார்கள். அன்றைக்கு எனக்கு 1991 டிசம்பரில் நடந்த காவிரிக் கலவரம்தான் ஞாபகம் வந்தது. தாத்தாவின் கடையை உடைத்தபோது தெருவில் யார் யார் நின்றார்கள் என்று உங்கப்பாவைக் கேள். வருஷக்கணக்காகக் கடனுக்கு அரிசி பருப்பு வாங்கியவர்கள். ஒருவர், ஒரே ஒருவர், "வேண்டாம்ப்பா, இது நம்ம கடை" என்று சொல்லியிருந்தால் போதும். மறுநாள் காலையில் அவர்களே ஒவ்வொருவராகப் பின்வாசல் வழியாகப் பாலும் ராகி மாவும் கொண்டுவந்தார்கள். தனித்தனியாக எல்லாரும் நல்லவர்கள். உடைத்தவன்மேல் எனக்கு இவ்வளவு ஆற்றாமை இல்லை, நின்று பார்த்தவர்கள்மேல்தான். அதே லாட்டனேயும் டார்லி என்பவரும் 1968-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோலக் குரல் கேட்கவைத்தார்கள். கேட்பது தான் மட்டும்தான் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் உதவிக்கு ஓடினார்கள். கூட இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம். இதைப் படித்த பிறகு நம் தெருக்காரர்களை ஓரளவு புரிந்துகொள்ள முடிந்தது. மன்னிக்க முடிந்ததா என்று கேட்காதே. உங்கப்பா மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வான், என்னால் முடியவில்லை.

அதனால்தான் "எல்லாரும் எப்படியோ" என்ற பேச்சு நம் வீட்டுப் பெண் வாயில் வந்ததும் எனக்கு வயிறு கலங்கியது.

வேலையை ஏற்பதும் விடுவதும் உன் இஷ்டம், நான் வற்புறுத்தவில்லை. விட்டால் பேட்ச்சில் யாரும் முகத்தைத் திருப்பமாட்டார்கள், டீ நேரத்தில் பக்கத்தில் இடம் கிடைக்கும். அது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த இடத்துக்காக இன்னும் எத்தனை வருஷம் பாதிக் கையால் தைப்பாய்? ஏற்றால் முதலில் மேனேஜரிடம் ஒரு வாக்கு வாங்கு, பீஸ் கூடினால் உடனே டார்கெட்டை ஏற்றக்கூடாது என்று. வாங்காமல் நாற்காலியில் உட்காராதே. யார் எத்தனை தைத்தார்கள் என்று அவரவரிடம் தனியாகச் சொல், போர்டில் எழுதி ஒருத்தியையும் கூனிக்குறுக வைக்காதே. மிஷினில் யாருக்காவது ஊசி ஏறினால் "யாராவது வாங்க" என்று கத்தாமல், ஒருத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிடு. அந்த முறைக்கிற பெண்ணிடமும் போய்ப் பேசு. அவளுக்கும் உன் மாதிரி ஒரு பயம் இருக்கும்.

நிறையப் பேசிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே கண்ணு. பிளஸ் டூ முடித்த கையோடு வீட்டுக் கடனைத் தலையில் வாங்கிக்கொண்டவள் நீ, உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன இருக்கிறது! நீ எது செய்தாலும் சரியாகத்தான் இருக்கும். உங்கம்மாவிடமும் அதையே சொன்னேன். பெரியம்மா உனக்காக எள்ளுருண்டை பிடித்து வைத்திருக்கிறாள், பாதி டப்பா ஏற்கெனவே காலி. பொங்கலுக்கு முன்னால் ரெண்டு நாள் லீவு போட்டு வா. ராத்திரி பஸ் ஏறினால் சீட்டு நம்பரை அனுப்பு, விடியற்காலையில் ஓசூர் ரோட்டில் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா