நடுக்குவாதமும் பூனைக்காலி விதையும்

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் தனி ஊசலை ஆட்டிப் பார்த்திருப்பீர்கள். 25 சென்டிமீட்டர் நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டால், அது ஏறக்குறைய ஒரு வினாடியில் ஒருமுறை போய்த் திரும்புகிறது. வினாடிக்கு ஐந்து முறை ஆடும் ஊசல் வேண்டுமானால் நூல் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? ஊசலின் நீளம் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் இருக்கும் என்பது விதி. ஆகவே 25-ஐ 25-ஆல் வகுக்க வேண்டும். விடை 1 சென்டிமீட்டர்! அவ்வளவு குட்டையான ஊசலைச் செய்வதே கடினம். ஆனால் அதே வேகத்தில் ஆடும் மனிதக் கையை உங்களில் சிலர் பார்த்திருக்கக் கூடும்.

திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும் முதியவரின் கை, மடியில் கிடந்தபடியே நடுங்குகிறது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் மாத்திரை உருட்டுவதுபோல் ஒன்றோடொன்று உரசுகின்றன. இந்த நடுக்கத்தின் அதிர்வெண் பெரும்பாலும் வினாடிக்கு 4 முதல் 6 வரை. வினாடிக்கு ஐந்து என்று கொண்டாலும், ஒரு மணி நேரம் நடுங்கினால் 18,000 அசைவுகள். அந்தத் தசைகள் எவ்வளவு களைத்துப் போகும் என்று எண்ணிப் பாருங்கள். இதுவே பார்க்கின்சன் நோய். தமிழில் நடுக்குவாதம் என்கிறோம்.

தூத்துக்குடி கைகளால் உழைத்து வாழும் ஊர். தோணியில் சரக்கு ஏற்றுவோர், உப்பளத்தில் உப்பு வாருவோர், வலை பின்னுவோர், சங்கு குளிப்போர் என்று பலரின் பிழைப்பும் கைத்திறனில்தான் இருக்கிறது. இத்தகைய ஊரில் ஒருவருடைய கை நடுங்கத் தொடங்கினால், "வயதாகிவிட்டது", "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். சிலர் குடிப்பழக்கம் என்றுகூடப் பழி சொல்வதுண்டு. மருத்துவரிடம் போகாமலே ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. இந்நோயைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இதனாலேயே.

தெருவில் பிறந்த மருத்துவ நூல்

1817-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவரான ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் ஆறு பேரை விவரித்தார். அவர்களுள் மூவர் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்கள் அல்லர். தெருவில் அவர் கண்ணில் பட்டவர்கள். அந்த மூவரில் ஒருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி! கூர்ந்து பார்ப்பதே அறிவியலின் முதல் கருவி என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ? அவர் பிறந்த ஏப்ரல் 11-ஆம் நாளே இன்று உலகப் பார்க்கின்சன் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இன்றும் மருத்துவர்கள் பெரும்பாலும் கண்ணால் கண்டும், நடக்கவைத்தும், கையை மடக்கி நீட்டிப் பார்த்துமே இந்நோயை முடிவு செய்கிறார்கள். சாதாரண இரத்தப் பரிசோதனையில் இது தெரிவதில்லை. ஆகையால் வீட்டிலுள்ளவர்கள் கவனித்துச் சொல்லும் செய்திகளுக்கு மதிப்பு அதிகம்.

எதைக் கவனிப்பது?

முதலாவது, நடுக்கம் எப்போது வருகிறது என்பது. நடுக்குவாதத்தில் கை ஓய்வாக இருக்கும்போது நடுங்கும். ஒரு பொருளை எடுக்கப் போனால் குறையும். வேறொரு வகை நடுக்கம் உண்டு. அது காப்பித் தம்ளரைத் தூக்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும் வரும். இரண்டும் வேறு, மருந்தும் வேறு. நடுக்குவாதம் பொதுவாக ஒரு பக்கத்துக் கையிலோ காலிலோ தொடங்கும். நடுக்கமே இல்லாமலும் இந்நோய் வருவதுண்டு.

இரண்டாவது, இயக்கம் மந்தமாதல். சட்டைப் பித்தான் மாட்ட நெடுநேரம் ஆகும். கையெழுத்து வரி செல்லச் செல்லச் சிறுத்துக்கொண்டே போகும். குரல் தணியும். முகத்தில் உணர்ச்சி குறையும். இதைக் கண்டு "தாத்தாவுக்கு என்மேல் கோபம்" என்று பேரன் நினைத்துக்கொள்வான்.

மூன்றாவது, நடை. நாம் நடக்கும்போது கைகள் இரண்டும் ஊசல்களைப்போல் முன்னும் பின்னும் வீசுகின்றன. தோள் தசைகளும் அவற்றுக்கு உதவுகின்றன. இந்நோயில் ஒரு கையின் வீச்சு மட்டும் குறைந்துவிடும். பின்னர் உடல் முன்னோக்கி வளையும். உடலின் ஈர்ப்பு மையம் பாதங்களுக்கு முன்னால் நகர்ந்துவிடுவதால், விழாமல் இருக்கச் சிறு சிறு அடிகளாக விரைந்து வைக்க நேரிடும். வாசற்படியருகே கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவதும் உண்டு.

இவை தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே மலச்சிக்கல், மனச்சோர்வு, தூக்கத்தில் கைகால்களை வீசிக் கத்துதல் ஆகியவை வரலாம். மோப்ப உணர்வும் மங்கலாம். அடுப்பில் கருவாடு வேகும்போதும் வாசனை தெரியவில்லை என்று பாட்டி சொன்னால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றில் ஒன்று மட்டும் இருப்பதால் நோய் என்று பயந்துவிடக் கூடாது. பல சேர்ந்து வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மூளையில் நடப்பது என்ன?

நடுமூளையில் கருநிறமான ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்னும் வேதிப்பொருளை உண்டாக்குகின்றன. அசைவுகளைத் தொடங்கவும் சீராக நடத்தவும் அது தேவை. அந்த அணுக்கள் மெல்ல மெல்ல அழிவதே நடுக்குவாதம். ஏறத்தாழப் பாதி அணுக்கள் அழிந்த பிறகே வெளியே அறிகுறி தெரிகிறது. அவை ஏன் அழிகின்றன என்பது இன்னும் முழுமையாக விளங்கவில்லை. சிலரிடம் பரம்பரைக் காரணம் உண்டு. சில பூச்சிக்கொல்லிகளுக்கும் தொடர்பு காணப்பட்டுள்ளது. ஆனால் இது தொற்றுநோய் அன்று, பைத்தியமும் அன்று.

பெரும்பாலும் அறுபது வயதுக்கு மேல் வரும் இந்நோய், சிலருக்கு ஐம்பதுக்கு முன்பே வருகிறது. 2019-இல் உலகில் 85 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இது இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

சென்னையில் கிடைத்த மருந்து

வேலிகளிலும் புதர்களிலும் படரும் பூனைக்காலிக் கொடியை அறிவீர்களா? அதன் காயிலுள்ள சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். நம் நாட்டு வைத்தியத்தில் அதன் விதை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. 1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எம். தாமோதரன், ஆர். ராமசாமி ஆகிய இருவர், இந்த விதையிலிருந்து டோபா என்னும் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்து, இங்கிலாந்தின் உயிர்வேதியியல் இதழில் வெளியிட்டனர். அதற்கு முன் 1913-இல் ஐரோப்பாவில் ஓர் அவரை வகையிலிருந்தும் அது எடுக்கப்பட்டிருந்தது. ஆனால் அதன் பயன் அப்போது எவருக்கும் தெரியாது. பாரில் கிடக்கும் சிப்பிக்குள் முத்து இருப்பதைப்போல் அந்த உண்மை உறங்கிக் கிடந்தது.

அதை எழுப்பியது மற்றோர் இந்தியச் செடி. சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952-இல் ரிசர்பின் என்னும் பொருள் பிரிக்கப்பட்டது. சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசைவற்றுக் கிடந்தன. பிறகு டோபாவைச் செலுத்தினார். சிறிது நேரத்தில் முயல்கள் எழுந்து நடமாடின! இது 1957-இல் வெளிவந்தது. ஒரு செடியின் சத்து மூளையில் டோபமைனைக் காலி செய்தது. மற்றொரு செடியில் உள்ள சத்து அதை நிரப்பியது. 1960-இல் வியன்னாவில் எரிங்கர், ஹோர்னிகீவிச் ஆகியோர், நடுக்குவாதத்தால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் மிகக் குறைந்திருப்பதைக் கண்டனர். அடுத்த ஆண்டே நோயாளிகளுக்கு டோபா ஊசி போட்டுப் பலன் காணப்பட்டது. 1967-இல் அமெரிக்காவில் கோட்சியாஸ், அதை வாய்வழியாகச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுக்கும் முறையை வகுத்தார். கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கடலிலும் டோபா உண்டு. பாறையில் நாரால் ஒட்டி வாழும் ஒருவகைச் சிப்பி, அலை அடித்தாலும் பிடி விடுவதில்லை. அதன் பசையில் டோபா இருப்பதை வெயிட், டான்சர் ஆகியோர் 1981-இல் அறிவித்தனர். ஒரே மூலக்கூறு கடலில் பசையாகவும், நம் தலைக்குள் அசைவின் ஊற்றாகவும் இருப்பது வியப்பல்லவா?

தோணியும் கப்பலும்

டோபமைன் குறைவு என்றால் டோபமைனையே கொடுத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பழைய தூத்துக்குடித் துறைமுகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கரையோரம் ஆழம் போதாததால் பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளிக் கடலில் நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி வரும். தோணியில் ஏறாத சரக்கு கரை சேராது.

மூளையிலுள்ள இரத்தக் குழாய்களின் சுவர் அப்படித்தான் கண்ட பொருளையும் உள்ளே விடுவதில்லை. அங்கும் தோணிகளைப் போன்ற கடத்திப் புரதங்கள் உள்ளன. டோபமைனை அவை ஏற்றுவதில்லை. டோபா அமினோ அமிலம் ஆகையால் ஏற்றிக்கொள்கின்றன. உள்ளே போனதும் ஒரு நொதி அதை டோபமைனாக மாற்றுகிறது. வழியிலேயே மாறிவிடாமல் தடுக்கக் கார்பிடோபா என்னும் துணை மருந்தை மாத்திரையில் சேர்க்கிறார்கள்.

இதிலிருந்து ஒரு பயனுள்ள செய்தி கிடைக்கிறது. மீனும் பருப்பும் தரும் சில அமினோ அமிலங்களும் அதே தோணியில்தான் ஏற வேண்டும். வயிறு நிறைய மீன் குழம்பு சாப்பிட்டவுடன் மாத்திரை போட்டால், டோபாவுக்கு இடம் கிடைக்காமல் போகலாம். மீனை விட வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் இடையே எவ்வளவு நேரம் வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு நடந்தால் போதும்.

விதையில்தான் மருந்து இருக்கிறதே என்று பூனைக்காலியைத் தாமே அரைத்துக் குடிப்பது ஆபத்து. விதைக்கு விதை டோபாவின் அளவு மாறும். மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மிஞ்சி வாந்தி, தலைசுற்றல், மனக்குழப்பம், தாமாகவே துள்ளும் அசைவுகள் ஆகியவை வரலாம்.

மருந்து நோயை வேரோடு நீக்குவதில்லை. ஆனால் பல ஆண்டுகள் வேலை செய்யவும் நடமாடவும் உதவுகிறது. மருந்து போதாத சிலருக்கு, மூளையினுள் மெல்லிய மின்வாய் வைத்து வினாடிக்குச் சுமார் 130 மின் துடிப்புகள் செலுத்தும் முறை உண்டு. 1987-இல் பிரான்சில் பெனாபிட் தொடங்கிய அது, இன்று திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிலையத்திலும் செய்யப்படுகிறது.

நீங்கள் செய்யக்கூடியவை

அறிகுறிகளைக் கண்டால், அவை எந்த நாளில், எந்தக் கையில், எப்போது வந்தன என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். முதியவரை அரசு மருத்துவமனைக்கோ நரம்பியல் மருத்துவரிடமோ அழைத்துச் செல்லும்போது அந்த நோட்டைக் காட்டுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துச் செல்ல மறவாதீர்கள். வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் மனநோய்க்கும் தரும் சில மருந்துகளாலும் இதே அறிகுறிகள் வரும்; அப்படியானால் மருந்தை மாற்றினாலே பெரும்பாலும் குணமாகும்.

மாத்திரையை மணி தவறாமல் கொடுக்க நினைவூட்டுங்கள். மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தினால் உடல் விறைத்துக் காய்ச்சல் கண்டு உயிருக்கே ஆபத்து ஆகலாம். நடைப் பயிற்சி மிகவும் நல்லது. கால் ஒட்டி நின்றுவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள். தரையில் ஒரு கோட்டைக் காட்டி அதைத் தாண்டச் சொல்லுங்கள். அல்லது தாளம் போடுங்கள். வலை இழுப்பவர்களுக்கு அம்பாப் பாட்டு எப்படி இசைவைத் தருகிறதோ, அப்படியே தாளம் நின்ற காலுக்கு வழி காட்டும். தடுக்கும் பாய்களை அகற்றிவையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் பேசி முடிக்கும்வரை காத்திருங்கள். சொற்கள் மெதுவாக வருவதால் அறிவு மங்கிவிட்டது என்று பொருள் அல்ல. அவருடைய பித்தானை நீங்கள் மாட்டிவிடுவதைவிட, அவரே மாட்ட இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொடுப்பது பெரிய உதவி.