குடிநோயும் கூட்டு முயற்சியும்

(படிப்பு வட்டங்களுக்கான பாடம்)

பூண்டு விற்ற பணம் வடுகபட்டிச் சந்தையிலிருந்து பூம்பாறை வந்து சேர்வதற்குள் பாதியாகக் குறைந்துவிடுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். சின்னாளபட்டி நெசவாளர் வீட்டு வாரக் கூலிக்கும் சில இடங்களில் இதே கதி நேர்கிறது. அத்தகைய அங்கத்தினர் கடன் தவணை தவறினால் நாம் என்ன செய்கிறோம்? அறிவிப்பு அனுப்புகிறோம், ஜாமீன்தாரரை அழைக்கிறோம், அடுத்த கடனை நிறுத்துகிறோம். அவர் எங்கே சென்றால் நலம் பெறுவார் என்பதை மட்டும் நாம் விசாரித்ததில்லை. இக்குறை நம்முடையது. அதனை நீக்கிக்கொள்ளும் பொருட்டே இப்பாடத்தை எழுதுகிறோம்.

குடி முற்றியவரை ஒழுக்கங் கெட்டவர் என்று ஏசுதல் எளிது. உலக சுகாதார நிறுவனமோ மது அடிமைநிலையை நோய்களின் வரிசையில் வைத்திருக்கிறது. ஏச்சினால் எந்த நோயும் தீர்ந்ததில்லை. மலைக்குளிருக்கு ஒரு மடக்கு தேவை என்னும் சமாதானமும் தவறானது. மது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் உடல் சூடேறியது போலத் தோன்றும். உண்மையில் உள்ளிருக்கும் சூடு வெளியேறிவிடும்.

இருவரில் தொடங்கிய இயக்கம்

1935-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இருவர் சந்தித்தனர். ஒருவர் பங்குத் தரகர். மற்றவர் அறுவை மருத்துவர். இருவரும் குடியால் வாழ்வு சிதைந்தவர்கள். குடிநோயுற்ற ஒருவர் மற்றொருவரிடம் தம் அனுபவத்தை மனந்திறந்து சொல்லும்போது இருவருக்குமே குடிக்காமலிருக்கும் வலிமை பிறப்பதை அவர்கள் கண்டனர். அதுவே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் இயக்கமாயிற்று. இந்தியாவில் அது 1957-இல் பம்பாயில் வேரூன்றியது. குடிநோயாளரின் குடும்பத்தாருக்கென 'ஆல்-அனான்' என்னும் தனி அமைப்பு 1951-இல் தோன்றியது.

இவ்வியக்கக் கூட்டத்திற்குச் செல்வதற்குரிய தகுதி ஒன்றே: குடியை நிறுத்த வேண்டும் என்னும் விருப்பம். கட்டணம் இல்லை. சாதி, சமயம், கட்சி கேட்பதில்லை. அங்கே கேட்டது அங்கேயே நிற்க வேண்டும் என்பது முறை. ஒருவர் பேசும்போது பிறர் குறுக்கிடார். புதிதாக வந்தவர் வாய் திறவாது கேட்டுக்கொண்டிருக்கலாம். ஆயுள் முழுவதற்கும் சபதம் செய்யச் சொல்வதில்லை. இன்று ஒரு நாள் குடிப்பதில்லை என்றே உறுதி கொள்கின்றனர். செலவை அங்கத்தினரே பகிர்ந்துகொள்கின்றனர். வெளியார் நன்கொடையை ஏற்பதில்லை. சொந்தக் காலில் நிற்கும் இம்முறை கூட்டுறவாளராகிய நமக்குப் புதியதன்று.

இதனால் பயன் உண்டா என்று ஐயுறுவோர்க்கு ஒன்று கூறுவோம். 2020-இல் வெளியான காக்ரேன் மதிப்பீடு 27 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. நோயாளரை இக்கூட்டங்களில் முறையாகச் சேர்ப்பிக்கும் சிகிச்சையைப் பெற்றோர், பிற சிகிச்சைகளைப் பெற்றோரைவிட அதிக அளவில் குடியை அறவே விட்டிருந்தனர் என்பது அதன் முடிவு.

மஞ்சக்குடி காட்டிய வழி

நோயாளர் நகரம் செல்ல வேண்டும் என்பதில்லை. உதவி ஊருக்கே வரலாம். சென்னையில் 1980-இல் தொடங்கப்பெற்ற டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், அன்றைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடிக் கிராமத்தில் 1989-இல் முகாம் நடத்தத் தொடங்கியது. ஊராரின் ஒத்துழைப்போடு 15 நாட்கள் சிகிச்சை, குடும்பத்தாருக்கும் ஆலோசனை, முகாம் முடிந்த பின்னும் தொடர் சந்திப்பு. ஊரார் கைகொடுத்தால் கிராமத்திலும் இப்பணி நடைபெறும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

கூட்டத்தைக் கண்டறிவது எங்ஙனம்?

1. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனை எண் 14416. இரண்டிற்கும் கட்டணமில்லை. எந்த ஊரில், எந்தக் கிழமையில், தமிழில் கூட்டம் உண்டு என்று கேளுங்கள்.

2. கொடைக்கானல் அரசு மருத்துவமனையிலும், திண்டுக்கல், தேனி, மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் விசாரியுங்கள்.

3. கூட்டம் முடியும் நேரத்தையும் கடைசிப் பேருந்தின் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மன்னவனூர், கவுஞ்சி, தாண்டிக்குடி அன்பர்களுக்கு இது முக்கியம். இறங்கிச் செல்ல இயலாதவர்கள் தொலைபேசி வழிக் கூட்டங்களைப் பற்றிக் கேட்கலாம்.

4. 'திறந்த கூட்டம்' எனில் மனைவியோ மகனோ உடன் செல்லலாம். 'மூடிய கூட்டம்' குடிநோயாளர்க்கு மட்டுமே உரியது.

5. ஒரே கூட்டத்தைக் கண்டு முடிவு செய்யாதீர்கள். சில வாரங்கள் தொடர்ந்து செல்லுங்கள்.

எச்சரிக்கை: நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவரைக் கேளாது திடீரென நிறுத்துதல் ஆபத்து. முதல் சில நாட்களில் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் தோன்றலாம். உயிருக்கே இடையூறு நேரலாம். முதலில் மருத்துவமனை, பின்னர் கூட்டம். வலிப்புக் கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள்.

சங்கத்தின் கடமை

அருகில் கூட்டம் இல்லையெனில் மனந்தளர வேண்டா. ஆக்ரனில் இருந்தவர் இருவரே. குடியை விட்ட ஒருவரும் விட விரும்பும் ஒருவரும் கேட்டால், வாரத்தில் ஒரு மாலை நம் சங்க அறையைத் திறந்துவிடுவோம். அவர்கள் சிறு வாடகை தர முன்வந்தால் பெற்றுக்கொள்வோம். அது அவர்கள் கொள்கை. காரியதரிசி தலைமை வகிக்க வேண்டா. வருகைப் பதிவேடும் வேண்டா. கூட்டத்திற்குப் போவதைக் கடனுக்கு நிபந்தனையாக்குவதும் தகாது. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நாம் விலகி நிற்போம்.

மீண்டும் ஒருநாள் தவறியவரைக் கண்டால் எள்ளாதிருப்போம். ஒரு போகம் பொய்த்தது என்பதற்காக எந்த விவசாயியையும் நாம் சங்கத்திலிருந்து நீக்குவதில்லை அல்லவா?

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்கு

1. தவணை தவறிய அங்கத்தினரிடம் காரணத்தைக் கேட்பவர் யார்? எப்படிக் கேட்பது?

2. நம் ஊரிலிருந்து சென்று திரும்பத்தக்க கூட்டம் எது? அதனை விசாரித்து அடுத்த மாதத்திற்குள் சங்கப் பலகையில் எழுதும் பொறுப்பை ஏற்பவர் யார்?

3. சங்க அறையைத் தருவதில் நமக்குள்ள தயக்கங்கள் யாவை?