துக்கத்திற்கு உருவம் தருதல்

திருமலையில் அன்னப்பிரசாதம் உண்ட அன்பர்கள் தரிகொண்டா வெங்கமாம்பாவின் பெயரை அப்பெரிய உணவுக்கூடத்தின் முகப்பில் கண்டிருப்பார்கள். இரவில் ஏகாந்த சேவையின்போது வேங்கடவனுக்குக் காட்டப்படும் முத்தியால ஆரத்தியும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இத்தகைய பேறு பெற்ற அம்மையார் அரசியோ பெருஞ்செல்வரின் மனைவியோ அல்லர். இளமையிலேயே கணவரை இழந்தவர். பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த தரிகொண்டா என்னும் சிற்றூரில் 1730ஆம் ஆண்டில் பிறந்தார். தெலுங்கில் கவிதையும் நாடகமும் யோக நூல்களும் இயற்றி, 1817இல் திருமலையிலேயே உடல் நீத்தார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் கைம்பெண்ணின் நிலை எப்படி இருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. தலைமுடியைக் களைவார்கள், மங்கல நிகழ்ச்சிகளில் முகம் காட்டக்கூடாது, துக்கத்தைச் சொல்லி அழுவதற்கும் ஒரு கெடு உண்டு. அதற்குப் பிறகு அவள் அடுக்களையின் நிழலில் ஒடுங்கிவிட வேண்டும். வெங்கமாம்பா கைம்மைக் கோலத்தை ஏற்க மறுத்தார் என்று அவரது வரலாறு கூறுகிறது. மதனப்பள்ளியில் ஓர் ஆசாரியரிடம் யோகம் பயின்றார். தம் ஊரில் கோயில் கொண்டிருக்கும் நரசிம்மர் மீது ஒரு சதகம் பாடினார். ஊராரின் ஏச்சுகளுக்கிடையே திருமலைக்குச் சென்றார். அங்கும் இடையூறு நேர்ந்தபோது தும்புரு தீர்த்தப் பக்கமுள்ள குகையில் தங்கித் தவம் செய்தார் என்பது மரபு.

அந்தத் துக்கம் எங்கே போயிற்று? இக்கேள்வியை ஆராய்வதற்கு இக்காலத்தில் ஒரு துறையே இருக்கிறது. அதனைக் கலைவழிச் சிகிச்சை என்பர்.

அத்துறைக்குப் பெயர் வந்த கதை காசநோய் மருத்துவமனை ஒன்றில் தொடங்குகிறது. ஆட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர் 1938இல் காசநோயால் இங்கிலாந்தின் ஸஸெக்ஸ் பகுதியிலுள்ள ஒரு சானடோரியத்தில் சேர்ந்தார். அந்நோயைத் தீர்க்கும் மருந்து அப்போது இல்லை. மாதக்கணக்கில் அசையாமல் படுத்திருப்பதே சிகிச்சை. மதனப்பள்ளிக்கு அருகேயுள்ள ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையின் பழைய நாட்களைக் கேள்விப்பட்டவர்களுக்கு அந்தப் படுக்கை வாழ்வின் வெறுமை புரியும். ஹில் கைக்கெட்டிய பொருள்களைப் படுத்தபடியே வரைந்தார். பிறகு பிற நோயாளிகளையும் வரையத் தூண்டினார். அவர்களுள் சிலர், போரில் கண்ட கொடுமைகளை வாயால் சொல்ல முடியாதவர்கள், தாளில் தீட்டத் தொடங்கினார்கள். 1942இல் இதற்குக் கலைச் சிகிச்சை என்று அவர் பெயரிட்டார்.

பெயர் புதிது, எண்ணம் பழையது. நாட்டியம் எதற்காகத் தோன்றியது என்று கூறுமிடத்தில் பரதமுனிவர், துயருற்றவர்களுக்கும் உழைத்துக் களைத்தவர்களுக்கும் அது இளைப்பாறுதல் தரும் என்பதையும் ஒரு பயனாகச் சேர்த்துள்ளார். இக்கருத்தை ஆழமாக நோக்கியவர் காஷ்மீரத்து அபிநவகுப்தர். கிரௌஞ்சப் பறவையின் மரணத்தைக் கண்டு வால்மீகியின் சோகம் சுலோகமாயிற்று என்பது அனைவரும் அறிந்ததே. அபிநவகுப்தர் இங்கே ஒரு தடை எழுப்புகிறார்: அது முனிவரின் சொந்தத் துக்கம் என்று கொள்ளலாகாது, துக்கத்தில் வெந்துகொண்டிருப்பவனுக்குக் கவிதை வராது. அப்படியானால் வால்மீகியிடம் நிகழ்ந்தது என்ன? 'என்னுடையது' என்ற பிடி தளர்ந்து, துயரம் எல்லாருக்கும் பொதுவான ஒன்றாக அவர் முன் நின்றது. இதனைச் சாதாரணீகரணம், அதாவது பொதுமையாக்கல், என்று அலங்கார சாஸ்திரம் அழைக்கிறது. சோகம் என்பது பாவம். கருணம் என்பது ரசம். முன்னது மனிதனை அழுத்துகிறது. பின்னதில் கண்ணீர் வருகிறது. ஆனால் அக்கண்ணீரை எவரும் வெறுப்பதில்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் 'அழுதால் பாரம் குறையும்' என்ற உலக வழக்கும் இதுவும் ஒன்றுபோலத் தோன்றும். இரண்டும் வேறு. உணர்ச்சியைக் கொட்டுவது ஒன்று. அதற்கு உருவம் தந்து எதிரே வைத்துப் பார்ப்பது மற்றொன்று. வெங்கமாம்பா தம் இழப்பைப் பற்றிப் புலம்பல் எழுதிக்கொண்டிருக்கவில்லை. யட்சகான நாடகங்கள் இயற்றினார். அவற்றில் ருக்மிணி பேசுகிறாள், கோபியர் பேசுகிறார்கள். பிரிவும் ஏக்கமும் அவர்கள் வாயிலாக வெளிவரும்போது அவை ஒரு தரிகொண்டாப் பெண்ணுக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. இதைச் சொல்வதால் அவருடைய பக்தியை ஒரு சிகிச்சை முறையாகச் சுருக்கிவிடக் கூடாது. அவர் இறைவனை நாடிப் பாடினாரேயன்றி மன நலம் வேண்டிப் பாடவில்லை. எனினும் பாடியவரின் மனம் என்ன ஆயிற்று என்று கேட்பதில் தவறில்லை.

இக்கால ஆய்வுகள் எளிய அளவில் இக்கேள்வியைத் தொட்டிருக்கின்றன. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 39 பேர் 45 நிமிடங்கள் களிமண்ணாலும் வண்ணங்களாலும் விருப்பம்போல் எதையேனும் செய்தார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்னும் சுரப்பு அளக்கப்பட்டது. மன இறுக்கத்தின்போது மிகுவது அது. ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பயிற்சி உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், கலையில் ஈடுபடாத ஒரு குழுவுடன் ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் 3000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கலைகளுக்கு உடல்நலத்திலும் மனநலத்திலும் பங்குண்டு என்று அறிக்கை வெளியிட்டது.

கைக்கும் மனத்திற்கும் உள்ள உறவைக் காண விரும்புவோர் 2022இல் சித்தூரிலிருந்து பிரிந்த திருப்பதி மாவட்டத்தின் காளஹஸ்திக்குச் செல்லலாம். நம் முன்னோர் திருக்காளத்தி என்று போற்றிய தலம் அது. அங்கே கலம்காரி ஓவியர்கள் காடாத் துணியைக் கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப்பாலில் தோய்த்து உலர்த்துகிறார்கள். பாலின் பசை இருப்பதால் மை பரவாது. புளியங்குச்சிக் கரியால் கோடிட்டு, பிறகு மூங்கில் கலத்தைக் கையில் எடுக்கிறார்கள். அதன் நுனிக்குச் சற்று மேலே சுற்றிய துணி மையைத் தாங்கிக்கொள்ளும். விரலால் மெல்ல அழுத்த, மை இறங்கும். பழைய இரும்பையும் வெல்லத்தையும் பல நாட்கள் நீரில் ஊறவைத்த சாறே கறுப்பு மை. கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் அது கருமை கொள்கிறது. பிறகு அழிக்க முடியாது. படிகாரம் பூசி, ஓடும் நீரில் அலசி, சாயவேரில் கொதிக்கவைத்து என்று ஒரு துணி பலமுறை கை மாறும். இத்தொழில் நலிந்திருந்தபோது கமலாதேவி சட்டோபாத்யாயரின் முயற்சியால் 1950களில் அங்குப் பயிற்சி நிலையம் ஏற்பட்டது.

இவ்வேலையில் அவசரத்திற்கு இடமில்லை. மூச்சு தடுமாறினால் கோடு தடுமாறும். தவறிய கோட்டை அழிக்க முடியாததால் அதையே ஒரு கொடியாகவோ இலையாகவோ மாற்றத்தான் வேண்டும். இங்கே தாகூர் நினைவுக்கு வருகிறார். 1919இல் மதனப்பள்ளியில் தங்கி, 'ஜன கண மன' பாடலை ஆங்கிலத்தில் தந்தவர் அவர். மனைவியையும் மகளையும் இளைய மகனையும் ஐந்தாண்டுகளுக்குள் இழந்த அவர், அறுபது வயதைக் கடந்தபின் தம் கையெழுத்துப் படியில் அடித்த சொற்களை ஒன்றோடொன்று இணைத்து விசித்திர உருவங்களாக்கினார். அவர் ஓவியரானது அப்படித்தான்.

ஓர் எச்சரிக்கை தேவை. கடும் மனச்சோர்வுக்கும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்திற்கும் வண்ணப்பெட்டி மருந்தாகாது. மனநல மருத்துவரிடம் செல்வதில் நாணம் கூடாது. சிகிச்சை என்ற பெயரில் கலையைக் கையாள்வதற்கும் பயிற்சி பெற்றவர் வேண்டும். ஆறாத புண்ணைத் தேர்ச்சியின்றிக் கிளறினால் துயரம் மிகும்.

ஆனால் வீட்டில் செய்யத்தக்கவை உண்டு. இழப்புக்கு ஆளான ஒருவர் கோலமிடவோ, பழைய பாடலைப் பாடவோ, குழந்தையின் வண்ணக்குச்சியை எடுத்துக் கிறுக்கவோ முனைந்தால், 'இப்போது இது எதற்கு?' என்று தடுக்க வேண்டாம். அதனை ஊராரிடம் காட்ட வேண்டாம். திருத்தவும் வேண்டாம், 'மிக அழகு' என்று புகழவும் வேண்டாம், ஏனெனில் புகழ்ச்சி கேட்டவர் அடுத்த முறை அழகுக்காக வரையத் தொடங்கிவிடுவார். அருகில் அமர்ந்து, 'இது என்ன, சொல்' என்று மட்டும் கேட்டு, அவர் சொல்லும்வரை பொறுத்திருக்கலாம். அன்று சொல்லாவிட்டால் தாளை மடித்து அவரிடமே கொடுத்துவிடலாம்.